அரட்டை (செயலி)

அரட்டை என்பது சோகோ நிறுவனம் உருவாக்கிய உடனடிச் செய்திச் செயலி ஆகும். உரை, படம், குரல் அழைப்பு, நிகழ்பட அழைப்பு ஆகியவற்றைப் பரிமாற இது உதவுகிறது. பொழுதுபோக்காகப் பேசுவதைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லே இதன் பெயராகும். வாட்சப் மீது பயனர்களுக்கு ஏற்பட்ட அதிருப்தியின்போது, 2021 சனவரியில் இது முன்னோட்டமாக வெளியானது.

பின்னணி

2009இல் தொடங்கப்பட்ட வாட்சப்பை 2014இல் பேசுபுக்கு நிறுவனம் வாங்கியது. வாட்சப் 2016இல் பயனர் தரவுகள் சிலவற்றைப் பேசுபுக்குடன் பகிரத் தொடங்கியபோது, அன்றைய பயனர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் மறுப்புத் தெரிவிக்க வாய்ப்பு இருந்தது. 2021 சனவரியில் அறிவிக்கப்பட்ட புதிய கொள்கை அவ்வாய்ப்பை அளிக்கவில்லை. உரையாடலின் உள்ளடக்கத்தை இம்மாற்றம் தொடவில்லை என வாட்சப் விளக்கியது. எனினும் பலர் சிக்னல், டெலிகிராம் ஆகியவற்றுக்கு மாறினர். சிக்னல் அறக்கட்டளையை 2018இல் தொடங்கியவர்களுள் ஒருவர், வாட்சப்பின் இணை நிறுவனரும் 2017இல் அதிலிருந்து விலகியவருமான பிறையன் ஆக்டன் ஆவார்.

இந்தியப் போட்டி ஆணையம் இக்கொள்கைக்காக 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு (முன்னைய பேசுபுக்கு) 213.14 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இத்தொகையை உறுதி செய்தது. தரவுப் பகிர்வுக்கு விதிக்கப்பட்ட ஐந்தாண்டுத் தடையை நீக்கியது.

சோகோவும் தென்காசியும்

சோகோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, 2009இல் இப்பெயரைப் பெற்றது. இதன் தலைமையகம் சென்னைக்கு அருகில் உள்ளது. 2011இல் தென்காசியில் ஒரு சிறு அலுவலகம் திறக்கப்பட்டது; பின்னர் குற்றாலத்தை அடுத்த மத்தளம்பாறை சிற்றூரில் வளாகம் அமைந்தது. வாடிக்கையாளர் சேவைக்கான சோகோ டெசுக்கு மென்பொருள் தென்காசியில் உருவானதாகும். நிறுவனர்களுள் ஒருவரான சிறீதர் வேம்பு 2019இல் அமெரிக்காவிலிருந்து திரும்பி மத்தளம்பாறையில் குடியேறினார். பெருநகருக்கு வெளியேயும் உலகச் சந்தைக்கான மென்பொருளை ஆக்கலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

2025இன் எழுச்சி

2025 செப்டெம்பரில் உள்நாட்டு மென்பொருள்களைப் பயன்படுத்துமாறு நடுவண் அமைச்சர்கள் வலியுறுத்தியதை அடுத்து அரட்டை பரவலாகத் தரவிறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள் மூன்றே நாட்களில் 3,50,000 ஆக உயர்ந்ததாக வேம்பு தெரிவித்தார். சில வாரங்களில் செயலிகளின் தரவரிசையில் அது பின்தங்கியது.

மறையீடும் விமர்சனமும்

முனைக்கு முனை மறையீடு என்பது, செய்தி அனுப்புபவரின் கருவியில் பூட்டப்பட்டுப் பெறுபவரின் கருவியில் மட்டுமே திறக்கப்படும் முறையாகும். இடையிலுள்ள வழங்கியை நடத்தும் நிறுவனமும் அதைப் படிக்க இயலாது. வாட்சப்பில் இது 2016இல் முழுமையடைந்தது. எழுச்சியின்போது அரட்டையின் அழைப்புகளுக்கு மட்டுமே இம்முறை இருந்தது. உரைச் செய்திகளுக்கு இல்லை. தனியுரிமை கருதி மாறியவர்கள் இவ்வகையில் குறைந்த பாதுகாப்பையே பெற்றனர் என்பது முதன்மையான விமர்சனமாகும். 2025 நவம்பரில் தனிநபர் உரையாடல்களுக்கும் இம்முறை வழங்கப்பட்டது.

மாற்றத்தின் தடை

செய்திச் செயலியின் பயன் அதில் உள்ள உறவினர், நண்பர் எண்ணிக்கையைப் பொறுத்தது. எனவே ஒருவர் மட்டும் மாறுவதால் பயன் குறைவு. மின்னஞ்சலில் ஒரு நிறுவனத்தின் பயனர் மற்றொரு நிறுவனத்தின் பயனருக்கு எளிதாக மடல் அனுப்பலாம். செய்திச் செயலிகளிடையே பொதுவாக இது இயலாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சந்தைகள் சட்டத்தின்படி, 2024 மார்ச்சு முதல் பிற செயலிகள் கோரினால் வாட்சப் அவற்றுடன் இணைய வழிவிட வேண்டும். மின்னஞ்சல், யூ.பி.ஐ. போன்று செய்திச் செயலிகளும் ஒன்றோடொன்று இயங்க வேண்டும் என வேம்புவும் 2025இல் கருத்துத் தெரிவித்தார். அத்தகைய பொது நெறிமுறை இல்லாதவரை, ஒரு நிறுவனத்தை விட்டு நீங்கும் பயனர் மற்றொரு நிறுவனத்தைச் சார்ந்தே இருக்க நேரிடும்.