நிழல் மரமும் நியாய விலையும்

நாள்தோறும் நாம் அருந்தும் காப்பியின் வரலாற்றில் மரங்களுக்கும் பறவைகளுக்கும் சிறு குடியானவர்களுக்கும் பங்கு உண்டு. அதனை மாணவ நண்பர்களுக்குச் சுருங்கக் கூற விழைகிறேன்.

காப்பி எத்தியோப்பியக் காடுகளில் பெருமரங்களின் நிழலில் தோன்றிய செடி. மெக்ஸிகோ, குவாதமாலா முதலிய நாடுகளின் சிறு குடியானவர்களும் நெடுங்காலம் அதனை நிழலிலேயே பயிரிட்டு வந்தனர். மேலே ஓங்கிய மரங்கள், இடையே வாழையும் ஆரஞ்சும், கீழே காப்பி. பார்த்தால் தோட்டம் என்றும் சொல்லலாம். காடு என்றும் சொல்லலாம். உதிர்ந்த சருகு மண்ணுக்கு உரமாயிற்று. வட அமெரிக்காவின் கடுங்குளிருக்குத் தப்பி வந்த சின்னஞ்சிறு பறவைகள் அங்கே தங்கிப் பூச்சிகளைத் தின்று வாழ்ந்தன.

இந்த ஏற்பாடு குலைந்தது ஏன்? காரணத்தை அறிய நாம் இலங்கைக்குச் செல்ல வேண்டும். 1869-ஆம் ஆண்டில் அங்கே காப்பி இலைகளில் துரு நோய் கண்டது. மலைச்சரிவெங்கும் ஒரே பயிராய்ப் பரந்திருந்த தோட்டங்கள் அடுத்த இருபது ஆண்டுகளில் அழிந்தன. அவ்விடத்தில் தேயிலை வந்தது. நோயை ஆராய 1880-இல் சென்ற மார்ஷல் வார்டு என்னும் ஆங்கில அறிஞர், ஒரே பயிரைப் பரக்க நட்டதே அது பரவத் துணை செய்தது என்று எடுத்துக்காட்டினார்.

அதே நோய் 1970-இல் பிரேசிலை எட்டிற்று. அண்டை நாடுகள் அஞ்சின. நிழல் மரங்களை வெட்டி, வெயில் தாங்கும் குட்டைச் செடிகளை நெருக்கி நட்டு, உரமும் மருந்தும் இடுமாறு குடியானவர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. அமெரிக்க அரசின் உதவிப் பணமும் அதற்குக் கிடைத்தது. வார்டின் எச்சரிக்கைக்கு நேர்மாறான வழி இது! விளைச்சல் பெருகிற்று; செலவும் பெருகிற்று; பறவைகள் புகலிடம் இழந்தன.

கையில் முதல் இல்லாத எளியோர் பலர் மரங்களை வெட்டவில்லை. ஆயினும், மரத்தைக் காத்தவனுக்கும் வெட்டியவனுக்கும் சந்தையில் ஒரே விலைதான். விளைச்சலோ காத்தவனுக்கே குறைவு. இந்நிலை நீடித்தால் அவன் எத்தனை நாள் மரத்தைக் காப்பான்?

மெக்ஸிகோவின் வஹாகா மாநிலத்துப் பழங்குடி மக்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். அவர்கள் 1983-இல் யூசிரி என்னும் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பிரான்ஸ் வான் டெர் ஹாப் என்ற டச்சுப் பாதிரியார் துணை நின்றார். தரகரை விலக்கித் தாமே காப்பியை விற்றனர், இரசாயனமின்றிப் பயிரிட்டனர். 1988-இல் நெதர்லாந்தில் மாக்ஸ் ஹாவலார் முத்திரை தோன்றி, அத்தகைய காப்பிக்குக் குறைந்தபட்ச விலையை உறுதி செய்தது. அடுத்த ஆண்டே பன்னாட்டுக் காப்பி உடன்படிக்கையின் பங்கீட்டு முறை முறிந்து உலக விலை சரிந்தபோது, அவ்வுறுதியின் அருமை விளங்கிற்று. பின்னர், 1990-களில், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் பறவைகளுக்கு உகந்த காப்பிக்கெனத் தனி முத்திரை வகுத்தது. நூற்றுக்கு 40 பங்கேனும் நிழல் வேண்டும். மரங்கள் பல வகையாக இருத்தல் வேண்டும் என்பன அதன் விதிகளுள் சில.

முத்திரை பெறவும் பணம் வேண்டும். சோதனைக்குக் கட்டணம் உண்டு. தனியொருவனால் இயலாததைச் சங்கம் பகிர்ந்து சுமக்கிறது. எனவே, மரத்தைக் காக்குமாறு ஏழைக்கு உபதேசம் செய்வது மட்டும் போதாது என்பதே இவ்வரலாற்றிலிருந்து நான் கற்கும் பாடம். காப்பதற்கு ஆகும் செலவில் காப்பி அருந்துவோரும் தம் பங்கைத் தருதல் முறையாகும்.