‘டொம் அன்ட் ஜெரி’ பெரியவர்களுக்கும் பிடித்துப்போவது ஏன்?

பிள்ளைக்குச் சோறு தீத்துவதற்காகத் தொலைக்காட்சியில் ‘டொம் அன்ட் ஜெரி’யைப் போட்டு விடுவார்கள். பிள்ளை சாப்பிட்டு எழுந்து விளையாடப் போய்விடும். அம்மம்மா மட்டும் வெறும் கோப்பையைக் கையில் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பல வீடுகளில் காணும் காட்சி இது. வயது போனால் மனிதர் குழந்தையாகி விடுகிறார்கள் என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வதுண்டு. அது சரியென்று படவில்லை. பிள்ளை பார்த்ததும் அம்மம்மா பார்ப்பதும் ஒன்றல்ல.

முதலில், இவை சிறுவருக்காக மட்டும் எடுக்கப்பட்ட படங்களே அல்ல. வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா என்ற இருவர் ஹொலிவூட்டின் எம்.ஜி.எம். நிறுவனத்தில் இவற்றை உருவாக்கினார்கள். முதற்படம் 1940 பெப்ரவரியில் வெளியானது. அதில் பூனையின் பெயர் டொம் அல்ல, ஜாஸ்பர். 1958 வரையில் இருவரும் 114 படங்களை எடுத்தார்கள், அவற்றில் ஏழு ஒஸ்கார் விருது பெற்றன. ஏழெட்டு நிமிடமே ஓடும் இப்படங்கள் திரையரங்குகளில் முழுநீளப் படத்துடன் சேர்த்துக் காட்டப்பட்டவை. நாள் முழுவதும் வேலை செய்துவிட்டு வந்து இருக்கையில் சாய்ந்திருந்தவர்களும் சிரித்தாக வேண்டும். 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாராந்தச் சிறுவர் நிகழ்ச்சியாக வரத் தொடங்கிய பிறகுதான் ‘சின்னப்பிள்ளைகளின் படம்’ என்ற முத்திரை இவற்றின் மேல் அழுத்தமாக விழுந்தது.

பெரியவர்களை மனதில் வைத்தே எடுத்தார்கள் என்பதற்கு 1943இல் வெளியாகி ஒஸ்கார் வென்ற ‘த யாங்கி டூடில் மவுஸ்’ நல்ல சான்று. நிலக்கீழ் அறையொன்றில் பூனைக்கும் எலிக்கும் முழுப் போரே நடக்கிறது. முட்டைகள் கைக்குண்டுகளாகப் பறக்கின்றன. இடையிடையே ஜெரி தன் தலைமையகத்துக்குச் சுருக்கமான போர்ச் செய்திகளை அனுப்புகிறது. அதிலொன்று, நீர்மூழ்கிக் கப்பலொன்றை மூழ்கடித்ததாக 1942இல் அமெரிக்கக் கடற்படை விமானி ஒருவர் அனுப்பிப் புகழ்பெற்ற செய்தியின் நையாண்டி. பிள்ளைகள் முட்டை உடைவதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். மகனையோ கணவனையோ போர்முனைக்கு அனுப்பிவிட்டு அரங்கில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தியின் வாசகம் வேறு விதமாகக் கேட்டிருக்கும்.

வெடிச்சத்தம் கேட்டால் உடம்பு தானாகவே குனியும் மக்கள் நாம். அப்படியிருந்தும் டொமின் கையில் வெடி வெடிக்கும்போது நம்மில் பலர் சிரிக்கிறோம். இது மறதியோ மரத்துப்போன தன்மையோ அல்ல. அந்த உலகத்தில் சத்தம் இருக்கிறது, புகை இருக்கிறது, காயம் மட்டும் இல்லை. முகம் கரியாகிறது, மீசை சுருள்கிறது, அடுத்த காட்சியில் டொம் முழுசாக வந்து நிற்கிறது. பிள்ளைக்கு அது வெறும் வேடிக்கை. உண்மையில் என்ன நடக்கும் என்று அறிந்தவருக்கோ, ஏழு நிமிடத்துக்கு மட்டும் அப்படி நடக்காத ஓர் இடம் கிடைக்கிறது. எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. அந்தச் சத்தத்துக்கு எழுந்து உள்ளே போய்விடுபவர்களும் உண்டு, அவர்களை மறித்து இருத்த வேண்டியதில்லை.

இதே கரிமுகக் காட்சிகளில் சில கறுப்பின மக்களைக் கேலி செய்தவை. வீட்டுப் பணிப்பெண்ணாக வரும் கறுப்பினப் பெண்ணின் சித்திரிப்பும் அப்படியே. பிற்காலத் தொலைக்காட்சிப் பிரதிகளில் அவற்றை வெட்டவும் மாற்றவும் வேண்டி வந்தது. சிறுவயதில் கவனிக்காமல் விட்ட இதுவும் வளர்ந்த பின்னரே கண்ணில் படுகிறது.

பேச்சு மிகக் குறைவு என்பது இன்னொரு காரணம். வசனம் செய்யவேண்டிய வேலையை ஸ்கொட் பிராட்லியின் இசை செய்கிறது. ஒவ்வொரு காலடிக்கும் ஒவ்வொரு விழுகைக்கும் அவர் தனித்தனியே இசை எழுதினார். டொமின் புகழ்பெற்ற அலறல் ஹன்னாவின் சொந்தக் குரல். பிரெஞ்சு மட்டும் பேசும் பேரப்பிள்ளையும் தமிழ் மட்டும் தெரிந்த அம்மம்மாவும் பக்கத்தில் இருந்து, மொழிபெயர்க்க ஆள் தேடாமல், ஒரே இடத்தில் சிரிக்கக்கூடிய படங்கள் அதிகம் இல்லை.

சிறுவயதில் எல்லோரும் ஜெரியின் பக்கம். சிறியது பெரியதை வெல்வது பிள்ளைக்குப் பிடிக்கும். வயது ஏற ஏறக் கண் டொமின் பக்கம் திரும்புகிறது. இன்னொரு பொருளை உடைத்தால் வீட்டைவிட்டுத் துரத்தப்படுவாய் என்ற மிரட்டல் அதற்கு முதற்படத்திலேயே வந்துவிட்டது. 1956இல் வந்த ‘புளூ கட் புளூஸ்’ படத்தில் டொம் காதலுக்காகக் கடனாளியாகிறது. காதலி பணக்காரப் பூனையுடன் போய்விட, கடைசியில் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கிறது. இதைச் சின்னப்பிள்ளைகளுக்கு ஏன் காட்டினார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும்.

என்னைக் கேட்டால், 1949இல் வெளிவந்த ‘ஹெவன்லி புஸ்’தான் இந்த வரிசையின் உச்சம். பியானோ மேலே விழுந்து டொம் இறந்துவிடுகிறது. மேலுலகம் ஒரு ரயில் நிலையம் போல இருக்கிறது. இறந்த பூனைகள் வரிசையில் நிற்கின்றன. ஒன்று நாயுடன் சண்டை போட்டுச் செத்தது, இன்னொன்று வீதி போடும் ரோலரில் அகப்பட்டுத் தட்டையானது. பிறகு ஈரம் சொட்டும் ஒரு சாக்கு நகர்ந்து வருகிறது. அதற்குள்ளிருந்து மூன்று குட்டிகள் வெளியே வருகின்றன. யாரோ தண்ணீரில் போட்டவை. யாரும் விளக்கம் சொல்வதில்லை. வாயிற்காவலரும் தலையை அசைத்துவிட்டு அவற்றை உள்ளே விடுகிறார். பிள்ளைக்கு அவை மூன்று அழகான பூனைக்குட்டிகள் மட்டுமே.

டொமுக்கு மட்டும் அனுமதி இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஜெரியிடம் மன்னிப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வரவேண்டும், இல்லையென்றால் நரகம். டொம் கெஞ்சிப் பார்க்கிறது, பிந்திப்போகிறது, கீழே விழுகிறது. அடுப்பங்கரையில் வால் சுட்டு விழிக்கும்போதுதான் எல்லாம் கனவென்று தெரிகிறது. ஓடிப்போய் ஜெரியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிறது. ஜெரிக்கு ஒன்றும் புரியவில்லை.