பத்தமடை டாக்டரும் நான்கு வாரப் பயிற்சியும்

நாலே வாரத்தில் ஒருவர் யோகா ஆசிரியர் ஆகிவிட முடியுமா என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்காக உண்டான வியாபாரம் என்கிற முடிவு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கும். எனக்கு மனசு பொறுக்காது. அந்தப் பயிற்சியின் வேர் எங்கள் திருநெல்வேலிச் சீமையில், கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடையில் இருக்கிறது.

1887-இல் அந்த ஊரில் பிறந்தவர் குப்புசாமி. மருத்துவம் படித்தார், 'அம்ப்ரோசியா' என்று ஒரு மருத்துவ இதழும் நடத்தினார். 1913-இல் மலாயா போய், தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1924-இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சிவானந்தர் ஆனார். காவி கட்டிய பிறகும் மருந்துப் பெட்டியை அவர் கைவிடவில்லை. அச்சு மையையும் விடவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட நூல்கள், கணக்கில்லாத துண்டுப் பிரசுரங்கள். குருவின் காலடியில் காத்திருந்து பெறவேண்டியதாக இருந்த வித்தையைத் தபாலில் ஏற்றி யார் வீட்டுக்கும் அனுப்பினார். அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன்.

அப்படிப் புறப்பட்ட பிரசுரங்களில் ஒன்று, ராணுவத்தில் இருந்த கேரளத்து இளைஞர் ஒருவருக்குக் குப்பைக்கூடையில் கிடைத்தது. தொலைந்துபோன காகிதம் ஒன்றைத் தேடும்போது அகப்பட்டதாம். அதைப் படித்துவிட்டு ரிஷிகேசம் போனவர்தான் பின்னாளில் விஷ்ணுதேவானந்தர். 1948-இல் சிவானந்தர் தொடங்கிய யோக வேதாந்த ஆரண்ய அகாதெமியில் ஹடயோகம் கற்பித்தார். 1957-இல் குரு அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1959-இல் கனடாவின் மொன்றியலில் அவருடைய யோக மையம் எழுந்தது.

அதற்கு முன் யோகா ஆசிரியர்கள் எப்படி உருவானார்கள்? மைசூர் அரண்மனை யோகசாலையைப் பாருங்கள். 1930-களில் அங்கே யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் நடத்தியதற்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கு கிடையாது. பிள்ளைகள் வருஷக்கணக்கில் செய்தார்கள். தம் சீடரான பதினெட்டு வயது ஐயங்காரை 1937-இல் அவர் புணேவுக்குக் கற்பிக்க அனுப்பியதற்கு, அந்த இளைஞருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பதும் ஒரு காரணம். குருவின் சொல்லே சான்றிதழ்.

1969-இல் விஷ்ணுதேவானந்தர் தொடங்கிய நான்கு வார ஆசிரியர் பயிற்சி வேறு வகை. அதற்கான காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. பஹாமாஸில் தியானத்தில் இருந்தபோது, உலகம் தீப்பற்றி எரிவதையும் ஜனங்கள் எல்லை பார்க்காமல் ஓடுவதையும் கண்டதாகச் சொன்னார். தன்னை அடக்கத் தெரிந்த மனிதர்களை உருவாக்காமல் சமாதானம் வராது என்று எண்ணித்தான் பயிற்சியை வகுத்தார். 1971-இல் சிறு விமானம் ஓட்டிக்கொண்டு கலவர பூமியான பெல்ஃபாஸ்டுக்கும் சூயஸ் கால்வாய்க்கும் போனவரும் அவர்தான். வியாபாரி செய்கிற வேலையா இது?

அந்தப் பயிற்சியை நான் படித்தது கேரளத்தில், அவருடைய நெய்யாறு அணை ஆசிரமத்தில். மஞ்சள் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. விடிவதற்கு முன் மணி அடிக்கும். ஆறு மணிக்கு சத்சங்கம். காலையும் மாலையும் ஆசன வகுப்பு, நடுவில் கீதை, தத்துவம். இரண்டே வேளைச் சாப்பாடு. கூடம் பெருக்குவதும் பாத்திரம் துலக்குவதும் கர்மயோகம் என்ற பெயரில் பாடத்திலேயே உண்டு. ஒருநாள் உப்புத் தண்ணீர் குடித்து வாந்தியெடுக்கும் குஞ்சலக் கிரியை. தமிழ்நாட்டுச் சமையற்காரரும் ஜப்பான் நர்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒருவருக்கொருவர் ஆசனம் கற்பித்துப் பழகினார்கள். சிரத்தை எதில் வரும் என்பதை அங்கேதான் கண்டேன்.

ஆனால் அங்கே அடிப்படை ஆசனங்கள் பன்னிரண்டில் முதலாவது சிரசாசனம். பாளையங்கோட்டையில் என் வகுப்புக்கு வருகிறவர்கள் பீடி சுற்றும் பெண்கள். நாள்முழுக்கக் குனிந்தே கழுத்தும் தோளும் இறுகிப் போனவர்கள். அவர்களைத் தலைகீழாக நிறுத்தக் கூடாது. ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றவேண்டும் என்று சென்னையில் கிருஷ்ணமாச்சாரியாரும் அவர் மகன் தேசிகாசாரும் வற்புறுத்தியது இதற்காகத்தான். ஆளைப் பார்த்து மாற்றும் அந்தத் தேர்ச்சியை நான்கு வாரம் தராது. எந்தப் பாடத்திட்டமும் தராது.

1999-இல் அமெரிக்காவில் யோகா அலையன்ஸ் என்ற அமைப்பு தோன்றி, ஆசிரியர் பயிற்சிக்கு 200 மணி நேரம் என்ற அளவு உலகம் முழுக்கப் பரவியது. ரிஷிகேசத்தில் இன்று தெருவுக்குத் தெரு அந்த அறிவிப்புப் பலகை. மணிக்கணக்கு நிலைத்துவிட்டது, பாத்திரம் துலக்குவது பல இடங்களில் போய்விட்டது. எனக்கு இது பெரிய நஷ்டமாகவே படுகிறது.

சேரப் போகிறவர்கள் தாராளமாகச் சேருங்கள். சான்றிதழ் வாங்கின கையோடு மட்டும் பலகை மாட்டிவிடாதீர்கள். நல்ல ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் ஒரு வருஷமாவது ஓரமாக உட்கார்ந்து, வருகிறவர்களின் கழுத்தையும் முதுகையும் மூச்சையும் பாருங்கள். அதற்குப் பிறகு கற்பிக்க வாருங்கள்.