மத்திகிரி முதல் சிப்காட் வரை: ஓசூர் எல்லையில் முன்னாள் படைவீரரும் வீடும்

ஓசூரை அடுத்த மத்திகிரியில், தன் படைக்குக் குதிரை வளர்க்க 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனி பண்ணை தொடங்கியது. ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கும் மேல் பரந்த அந்த இடம் இன்று மாவட்டக் கால்நடைப் பண்ணை. குதிரைக்கு லாயமும் மேய்ச்சலும் அரசின் செலவு. சிப்பாய் படையைவிட்டு வந்த பிறகு எங்கே தங்குவார் என்பதோ அவர் பாடு. நிலம், ஓய்வூதியம், வேலை என்று உதவியின் வடிவம் மாறிய இரு நூற்றாண்டுகளிலும் இந்த ஒரு நிலை பெரிதாக மாறவில்லை.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை ஏறத்தாழ 25 லட்சமாகப் பெருகியது. போர் முடிந்ததும் பெரும்பாலோர் ஓய்வூதியமின்றி வெளியேறினர். சென்னை மாகாண அரசு அவர்களுக்குக் காட்டிய வழி நிலம்தான். முன்னாள் படைவீரருக்கான வயநாட்டுக் குடியேற்றத் திட்டத்துக்குத் துணையாக அம்பலவயலில் வேளாண் ஆய்வு நிலையமே 1946-இல் உருவானது. அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூர் போன்ற வட்டங்களில் நில ஒப்படை விதிகளின்படி விண்ணப்பம் போட முடிந்தது. ஆனால் மானாவாரிப் புறம்போக்கில் கிணறு வெட்டி, வீடு கட்டிக் குடியேறக் கைமுதல் வேண்டியிருந்தது. பட்டா கிடைத்தாலே குடியிருக்க இடம் கிடைத்துவிட்டதாக அரசு கணக்கு முடித்தது.

மூன்றாவது ஊதியக் குழுவை ஒட்டி, 1973-இல் ஜவானின் ஓய்வூதிய விகிதம் குறைந்தது. முப்பத்தைந்து, நாற்பது வயதில், பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போதே பட்டாளக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியவருக்கு இது சிறிய அடியல்ல. அதே காலத்தில்தான் ஓசூரில் மாநில அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் வந்தன. 1986-இல் தொடங்கிய தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ, முன்னாள் படைவீரர்களைக் காவலர்களாக அனுப்பியது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பல குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிந்தது. ஆனால் ஆலை வாசலில் சம்பளம் உண்டு, குடியிருப்பு இல்லை. பெங்களூரின் நிழலில் அட்வான்ஸும் வாடகையும் ஏறிய ஊரில், தனியார் ஏஜென்சியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்ப்பவருக்கு வேலை போனால் அறையும் போகும்.

ஓய்வூதியமுள்ளவர் எப்படியோ சமாளிப்பார். பதினைந்து ஆண்டு முடிக்காமல் வெளியேறியவரின் கதை வேறு. கையில் டிஸ்சார்ஜ் புக் இருக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதியவோ முகவரிச் சான்று கேட்பார்கள். வீடில்லாதவர் அங்கேயே நின்றுவிடுகிறார். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்து அத்திப்பள்ளியில் வேலை, ஓசூரில் தங்கல், சொந்த ஊர் வேறெங்கோ என்றால் எந்த மாநிலத்து அலுவலகத்தின் பொறுப்பு அவர்? ஓய்வூதியமற்ற முதியோருக்கான மத்திய வறுமை நிவாரணம் 2025-இல் மாதம் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆனது நல்ல செய்தி. ஆனால் அதற்கு 65 வயது ஆகவேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் வீடற்றோரை எண்ணியது; அவர்களில் படையில் இருந்தவர் யார் என்று கேட்கவில்லை. அமெரிக்கா ஆண்டுதோறும் கேட்கிறது. 2010-இல் சுமார் 74,000 ஆக இருந்த வீடற்ற முன்னாள் வீரர்கள், வாடகை உதவியும் கூடவே மருத்துவ, சமூகப் பணியாளர் துணையும் தந்ததில், 2024-இல் 33,000-க்கும் கீழே வந்தனர்.

2022-இல் வந்த அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டம் இந்தக் கேள்வியை அவசரமாக்குகிறது. நான்கு ஆண்டில் வெளியேறும் முக்கால் பங்கினருக்குச் சுமார் 11.7 லட்சம் ரூபாய் சேவை நிதி கிடைக்கும்; ஓய்வூதியமும் முன்னாள் படைவீரர் தகுதியும் கிடையாது. அவர்களில் பலர் வேலை தேடி வரக்கூடிய ஊர்களில் ஓசூரும் ஒன்று. மாநகராட்சியின் இரவுத் தங்குமிடப் பதிவேட்டில் படைச் சேவைக்கு ஒரு கட்டம் சேர்ப்பதும், அந்தத் தங்குமிடத்தையே முகவரியாக நல அலுவலகம் ஏற்பதும், சிப்காட் தொழிலாளர் விடுதிகளில் அவர்களுக்குப் படுக்கை ஒதுக்குவதும் ஓர் அரசாணையில் முடியக்கூடியவை.