நெய்க்குறி முதல் உடலுள் உணரி வரை

கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறைக்கு வழி பிரியும் கொடிகாமம், தேங்காய்க்கும் மாங்கனிக்கும் பலாவுக்கும் பெயர்பெற்ற தென்மராட்சிச் சந்தையூராகும். மேலைநாட்டு வைத்தியம் பரவுமுன் இப்பகுதியில் நோயறிதல் பரியாரியாரின் விரல்நுனியிலும் கண்ணிலுமே தங்கியிருந்தது. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எண்வகைத் தேர்வுகளைச் சித்த மருத்துவம் வகுத்திருந்தது. இவற்றுள் மூத்திரத் தேர்வு ஈண்டு சிறப்பாகக் கருதத்தக்கது. வைகறையில் எடுத்த நீரில் ஒரு துளி நல்லெண்ணெயை விடுவர். அது பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் எனக் கொள்வர். உடலினுள்ளே நிகழ்வதை அதினின்று வெளிப்பட்டதொன்றைக் கொண்டு அறிய முயன்ற சிந்தனை போற்றற்குரியது. ஆயினும் இக்கால உணரிகளை முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என மேடைகளில் முழங்குவது வரலாறாகாது. நெய்க்குறி தோற்றத்தைக் கண்டது; அளவைக் காணவில்லை.

நீரிழிவு நோயாளரின் சிறுநீரிலுள்ள இனிப்பு சர்க்கரையே என்பதை இங்கிலாந்தின் மத்தேயு டொப்சன் 1776இல் வெளியிட்டார். ஒரு நூற்றாண்டின் பின், மானிப்பாயில் தமிழிலே மருத்துவம் கற்பித்த டொக்டர் சாமுவேல் கிறீன், ‘கெமிஸ்தம்’ (1875), ‘மனுஷ சுகரணம்’ (1883) முதலிய நூல்களால் இரசாயனத்தையும் உடற்றொழிலியலையும் தமிழ் மாணவர்க்கு எட்டச் செய்தார். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் இப்பணியைக் கைவிடவில்லை.

ஆனால் குப்பியில் எடுத்த நீரோ குருதியோ ஒரு கணத்தையே காட்டும். இக்குறையை நீக்கும் வழியை 1962இல் அமெரிக்கரான லீலண்ட் கிளாக் காட்டினார். ஒட்சிசனை அளக்கும் மின்வாயின்மேல், குளுக்கோசை மட்டும் தாக்கும் நொதியமொன்றை மென்சவ்வினுள் அடைத்துவைத்தால், குளுக்கோசு கூடுந்தோறும் ஒட்சிசன் குறையும், அக்குறைவே அளவாகும். எளிமையில் வியப்பூட்டும் கருத்து இது! எனினும், தொடர்ந்து அளக்கும் கருவிக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைக்க 1999 வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவும் மூன்று நாள்களே இயங்கியது. பதிவுகளை மருத்துவர் பின்னரே பார்த்தார். மேற்கையின் தோலடியில் முழுமையாகப் பதிக்கும் உணரி 2018இல் அங்கு அனுமதி பெற்றது. அதன் ஆயுள் தொண்ணூறு நாள். 2024இல் அது ஓராண்டாக நீண்டது.

குளுக்கோசுக்குப் பொருத்தமான நொதியம் இயற்கையிலேயே வாய்த்தது நற்பேறு. ஏனைய பல மூலக்கூறுகளுக்கு அவ்வாய்ப்பில்லை. ஆதலின், குறித்த மூலக்கூறு வந்து பற்றியதும் வடிவம் மாறும் டீ.என்.ஏ. இழைகளை ஆய்வாளர் நாடினர். கலிபோர்னியாவில் கெவின் பிளக்ஸ்கோ குழுவினர் இவ்விழைகளை மின்வாயிற் பிணைத்து, விழிப்பிலிருந்த எலிகளின் குருதிக்குழாயினுள் மருந்தின் அளவைக் கணந்தோறும் அறிந்ததை 2017இல் வெளியிட்டனர். இங்கு உடலே பெருந்தடையாகின்றது. அந்நியப் பொருளைக் கண்டதும் குருதிப் புரதங்கள் அதன்மேற் படிகின்றன. குறிகை சில மணி நேரத்திலேயே மங்கத் தொடங்குகின்றது.

கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாண நகருக்குச் சென்று குருதி கொடுத்து வரும் நீரிழிவு நோயாளருக்குக் கிடைப்பது ஒரு காலைப்பொழுதின் எண் மட்டுமே. நள்ளிரவு உறக்கத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மீள்வது அவ்வெண்ணிற் புலப்படாது. அதனைப் புலப்படுத்தும் ஒட்டுணரிகள் உலகச் சந்தையில் உள்ளன. ஆனால், பத்துப் பதினைந்து நாளுக்கொருமுறை புதியதொன்றை வாங்கியாக வேண்டும்.