மண்டபம், நூலகம், நல்கை: பெங்களூரில் கலை, பண்பாட்டு ஆய்வைத் தாங்கிய அமைப்புகள்

பெங்களூரின் அறிவுலகம் என்றால் இந்திய அறிவியல் கழகமே முதலில் நினைவுக்கு வருகிறது. அக்கழகம் தோன்றிய அதே 1909இல் மிதிக் சொசைட்டியும் அந்நகரில் தோன்றியது. ஒன்றுக்கு டாட்டாவின் கொடையும் மைசூர் அரசின் நிலமும் இருந்தன. மற்றொன்றுக்கு முதலில் இருந்தது ஒரு சிறு வட்டத்தின் ஆர்வம் மட்டுமே. பல்கலைக்கழகங்களுக்கு வெளியே இலாப நோக்கமற்ற அமைப்புகள் இங்கே ஆய்வுக்குத் தந்த ஆதரவு, ஒரு நூற்றாண்டுக் காலத்தில் இடம் தருவதிலிருந்து ஆய்வாளருக்கே பொருள் தருவதாக மாறியது என்பது இக்கட்டுரையின் கருத்து.

மிதிக் சொசைட்டியைத் தொடங்கியவர் எப். ஜே. ரிச்சர்ட்ஸ் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி. 1918இல் வெளிவந்த சேலம் மாவட்ட கெசட்டியரை எழுதியவரும் அவரே. மைசூர் நாடு, தென்னிந்தியா ஆகியவற்றின் வரலாறு, தொல்லியல், இனவரைவியல், சமயம் ஆகியன சங்கத்தின் களம். மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு கிடைத்தது. 1917இல் டேலி நினைவு மண்டபம் எழுந்தது. எனினும் மண்டபத்தைவிட 1909 முதல் வந்த காலாண்டிதழையே சங்கத்தின் பெரிய சாதனை என்பேன். பட்டமோ பதவியோ இல்லாதவரும் சான்றோடு எழுதினால் அச்சேற ஓர் இடம் இருந்தது. குறையும் உண்டு: இதழ் ஆங்கிலத்தில் வந்ததால் கன்னடமும் தமிழும் மட்டும் அறிந்த புலவர்களுக்கு அதன் கதவு எளிதில் திறக்கவில்லை.

அடுத்த கட்டம் 1945. பசவனகுடியில் பி. பி. வாடியாவும் சோபியா வாடியாவும் இந்திய உலகப் பண்பாட்டு நிறுவனத்தை நிறுவினர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராகத் திரு.வி.க.வோடு நின்ற அதே வாடியாதான். இங்கே ஆதரவு என்பது பொதுநூலகமும் சொற்பொழிவும் ஆயிற்று. கேட்க வருபவர் யாராயினும் வரலாம். ஆனால் ஆய்வு செய்பவர் தம் பிழைப்பைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த இடைவெளியை நேராகத் தொட்டது 1993இல் நிறுவப்பட்ட இந்தியக் கலைகள் அறக்கட்டளை. அன்மோல் வெல்லானி அதன் முதல் செயல் இயக்குநர். 1995 முதல் நல்கைகள் வழங்கப்பட்டன. எந்த நிறுவனத்தையும் சாராத தனியாளும் விண்ணப்பிக்கலாம் என்பதும், இந்திய மொழி எதிலும் எழுதி அனுப்பலாம் என்பதும் இதன் சிறப்பு. கூத்து, இசை, திரைப்படம், ஓவியம் ஆகியவற்றை ஆராய்பவருக்குப் பயணமும் நேரமுமே பெருஞ்செலவு. அரசுக் கல்விக்கூடத்தின் ஆய்வுத்தொகை அவர்களை எட்டுவதில்லை. கர்நாடக அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்காகக் 'கலி கலிசு' திட்டமும், பெங்களூரின் பேட்டைகளையும் தெருக்களையும் ஆராய 'புராஜெக்ட் 560' திட்டமும் பின்னர் வந்தன. இந்த 560, நகரின் அஞ்சல் குறியீட்டு எண்ணின் முதல் மூன்று இலக்கம்.

இந்த முறையிலும் ஒரு நலிவு இருக்கிறது. நல்கை ஓரிரு ஆண்டில் முடிந்துவிடும்; இருபது ஆண்டு உழைப்பைக் கேட்கும் அகராதிப் பணியையோ கல்வெட்டுத் தொகுப்பையோ அது தாங்காது. அத்தகைய பணிக்கு மண்டபமும் இதழும் கொண்ட பழைய வகை அமைப்பே வேண்டும். மிதிக் சொசைட்டி அண்மைக் காலத்தில் பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணப் பதிவாகச் சேர்த்துவருவது இதற்குச் சான்று. பி. எல். ரைஸ் 1905இல் 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதியில் பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுகளைப் பதிப்பித்தார். அவற்றில் பல, நகரம் விரியும் வேகத்தில் சாக்கடைக் கரையிலும் கட்டடக் குப்பையிலும் சேர்ந்துவிட்டன.

அந்தக் கற்களில் கணிசமானவை தமிழில் உள்ளவை. தொம்லூர் சொக்கநாதர் கோயில் கல்வெட்டுகள் அவ்வூரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கின்றன. கர்நாடகத்தின் கன்னட அறிஞர்கள் இவற்றைக் காக்க முன்வந்திருக்கும்போது, தமிழ் படித்தவர்கள் ஒதுங்கி நிற்பது முறையன்று. வாசிப்புத் திறனும் ஓய்வுநேரமும் உள்ள தமிழாசிரியர்கள் இந்தப் பணியில் கைகொடுக்க வேண்டும். நல்கை தேடும் இளம் ஆய்வாளர்கள் தம் விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதி அனுப்பட்டும்.