ஒரே கம்பியில் ஒளியும் கட்டளையும்



மின்கம்பி வெளிச்சத்தை மட்டும் சுமப்பதில்லை. கட்டளையையும் சுமக்க வல்லது. அவ்விரண்டும் ஒரே கம்பியில் சென்றபோது எழுந்த இடையூறுகளையும், அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறையையும் இன்று பார்ப்போம்.

நம் நாட்டில் மின்சாரம் முதலில் வேலைத்தலத்திற்கே வந்தது. 1894-ஆம் ஆண்டு ரவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் மின்னாக்கி இயந்திரத்தை நிறுவினார்கள். பினாங்கில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகராண்மைக் கழகம் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. அந்த விநியோகம் 1976-இல் தேசிய மின்சார வாரியத்தின் பொறுப்பிற்கு மாறியது. வீட்டுக் கம்பிக்கு அந்நாளில் தெரிந்த வேலை ஒன்றே: விளக்கையும் விசிறியையும் இயக்குவது.

1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் இளம்பெண்கள் அங்கே சென்று, நகக்கண் அளவுச் சில்லுகளைப் பொருத்தும் வேலையில் சேர்ந்தார்கள். அத்தகைய சில்லுகள்தாம் வீட்டுக் கம்பிக்குப் பேசக் கற்றுத் தந்தன. 1975-இல் ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் நகரில் பைக்கோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தார் விளக்குகளைத் தொலைவிலிருந்தே ஏற்றி அணைக்கும் முறையை உருவாக்கினர். அது அவர்களின் பத்தாவது திட்டம். ஆகவே ‘எக்ஸ்-10’ என்று பெயர் பெற்றது. 1978-இல் அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. புதிதாகக் கம்பி இழுக்கத் தேவையில்லை என்பதே அதன் சிறப்பு.

அது எவ்வாறு வேலை செய்தது? பெரட்டில் பெயர் கூப்பிடும்போது பக்கத்தில் லோரி உறுமினால், சத்தம் தணியும் கணத்திற்காகக் காத்திருந்து கூப்பிடுவோம் அல்லவா? மின்சாரமும் அலையாகவே வருகிறது. நம் நாட்டில் அது வினாடிக்கு 100 முறை சுழியைத் தொட்டுக் கடக்கிறது. அந்த அமைதியான கணத்தில், வினாடிக்கு 120,000 அதிர்வுகள் கொண்ட மெல்லிய சைகையை அக்கருவி அனுப்பியது. 16 எழுத்துகள், 16 எண்கள். ஆக 256 விளக்குகளைத் தனித்தனியே பெயர் சொல்லி அழைக்கலாம்.

ஆனால் சில வீடுகளில் கட்டளை போட்டும் விளக்கு எரியவில்லை; சில வீடுகளில் யாரும் தொடாமலே எரிந்தது. காரணங்கள் நான்கு. முதலாவது இரைச்சல்: மலிவான மின்னூட்டிகளும் சில விளக்குகளும் கம்பியில் கொட்டும் குழப்பம். இரண்டாவது விழுங்குதல்: தொலைக்காட்சி, கணினி போன்றவற்றின் உள்ளே இருக்கும் வடிகட்டி, இரைச்சலோடு சைகையையும் குடித்துவிடும், வாய்க்காலில் நண்டு வளை இருந்தால் வயலுக்குத் தண்ணீர் சேராதது போல. மூன்றாவது, மூன்று பேஸ் மின்சாரம் உள்ள வீட்டில் ஒரு பேஸில் போட்ட சைகை மற்றொன்றைச் சென்றடையாது. நான்காவது, பக்கத்து வீட்டாரும் அதே எழுத்தை வைத்திருப்பது.

இங்கேதான் பலர் பணத்தை இழந்தனர். எரியாத விளக்கின் சுவிட்சையே குற்றவாளியாக எண்ணிப் புதிது வாங்கினர். குற்றவாளியோ அடுத்த அறையில், ஒழுங்காகப் படம் காட்டிக்கொண்டிருந்த தொலைக்காட்சி! அனுபவசாலிகள் கண்ட வழி எளியது. எல்லாச் செருகிகளையும் கழற்றிவிட்டு விளக்கைச் சோதிக்க வேண்டும். அது கீழ்ப்படிந்தால், கருவிகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க வேண்டும். எதைச் செருகியதும் விளக்கு மறுக்கிறதோ, அதற்கு ஒரு வடிகட்டி போதும். எழுத்து ஒத்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். பேஸ்களை இணைக்கும் கருவியை மட்டும் உரிமம் பெற்ற மின்பணியாளரே பொருத்த வேண்டும். மின்பெட்டியை நாம் திறக்கக் கூடாது.

பின்னாளில் வீட்டு விளக்குகள் கம்பியில்லா முறைக்கு மாறின. எனினும் அந்தப் பழைய எண்ணம் அழியவில்லை. 2001-இல் தொடங்கி இத்தாலியில் 3 கோடிக்கு மேற்பட்ட மின்மீட்டர்கள், மின்கம்பி வழியாகவே கணக்குச் சொல்லும்படி அமைக்கப்பட்டன.

நேயர்களே, பழுதான இடமும் பழுது தெரியும் இடமும் எப்போதும் ஒன்றல்ல. கடைக்குப் போகுமுன் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் பொறுமை நம் பிள்ளைகளுக்கு வாய்த்தால், வீட்டுக் காசும் மிஞ்சும், கைத்தொழிலும் வளரும்.